உப்புவெளியும் நிலாவெளியும்: எங்கள் கரையின் கதை

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பாடசாலையின் வரலாற்றை எழுதத் தகுதியானவர்கள் எங்களுக்கு முந்திய தலைமுறையில் இருக்கிறார்கள் என்று சொல்லி, வேறொரு விடயத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். திருகோணமலை என்று சொன்னதும் வெளியூரவர் முதலில் விசாரிப்பது நிலாவெளிக் கடற்கரையைத்தான். எண்பதுகளில் பாடசாலையில் சேர்ந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் உயர்தரம் எழுதி வெளியேறிய எங்கள் வகுப்பினருக்கு, பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில் இருந்த அந்தக் கரை பெரும்பாலும் கேள்விப்பட்ட இடமாகவே இருந்தது. பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தைக் கடக்க எங்களுள் பலருக்குப் பத்துப் பதினைந்து வருடங்கள் சென்றன. அது ஏன் என்று சொல்வதும் இக்கட்டுரையின் ஒரு பகுதி.

நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியால் போனால் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வெளிகள் வரிசையாக வரும். இடையில் அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, சல்லி, அப்பால் இறக்கக்கண்டி. 'வெளி' என்று எங்கள் முன்னோர் பெயர் வைத்தது வெறும் அழகுக்காக அல்ல. வீதிக்குக் கிழக்கே கடல். மேற்கே பெரிய கரைச்சி, சின்னக் கரைச்சி என்று வழங்கும் உவர்நீர்ப் பரப்புகள். கோடையில் நீர் வற்ற, கரைச்சியின் ஓரம் வெள்ளையாகப் பூக்கும். உப்புவெளிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடலுக்கும் கரைச்சிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் திடல்தான் இன்று விளம்பரங்களில் வருகின்ற கடற்கரை. சில இடங்களில் அதன் அகலம் சில நூறு யார் மட்டுமே. வீடு, கிணறு, கோயில், பள்ளிவாசல், பனங்கூடல், ஹோட்டல் எல்லாம் அந்த மணலின் மேல்தான் இருக்கின்றன. கடல் அதைக் கட்டியது. இன்றும் கட்டிக்கொண்டும் கரைத்துக்கொண்டும் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள இங்குள்ள காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். கார்த்திகையில் வாடை எழும்பினால் தை வரை கடல் கரையைத் தின்னும். மாரி வெள்ளம் கரைச்சியை நிரப்பி, முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு வெளியேறும். மாசி, பங்குனியில் கடல் இறங்கும். பிடுங்கிப்போன மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். சித்திரைக்குப் பிறகு சோளகம். அது மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வருவதால் வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கும். எங்கள் வீடுகளில் அதைக் கச்சான் என்று சொல்லித் திட்டுவார்கள். ஆனால் அந்தக் காற்று கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்து நீர் குளம்போலக் கிடக்கும். காலி, ஹிக்கடுவை, பேருவளைக் கடல்கள் கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் கடல் அமைதியாக இருக்கும். உல்லாசப் பயணத்துறையின் கணக்கு முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் தங்கியிருக்கிறது: தெற்குக்குப் பருவம் முடிகிறபோது கிழக்குக்குத் தொடங்குகிறது.

அந்தப் பருவத்தைக் கணக்குப் பார்த்து வந்தவர்கள் உல்லாசப் பயணிகளுக்கு மிக முன்பே இருந்தார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கரைவலைக்காரர்கள் தங்கள் கடல் கெடும்போது குடும்பத்தோடு கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தங்கி, கடல் மாறும்போது திரும்பிப் போவார்கள். எங்கள் ஊர்ச் சம்மாட்டிமாருக்கும் தனித்தனிப் பாடுகள் உண்டு. இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இன்னாருடைய வலை என்ற ஒழுங்கு வாய்மொழியாகவே பரம்பரையாக இருந்தது. தோணியில் வலையை வளைத்து விட்டு, இரண்டு பக்கமும் இருபது முப்பது பேர் நின்று கயிற்றை இழுத்து மடியைக் கரையேற்ற ஒரு நீண்ட, தடையில்லாத கடற்கரை வேண்டும். ஹோட்டலுக்கு வேண்டியதும் அதே கடற்கரை, அதே மாதங்களில். பின்னாளில் வந்த பிணக்குகளில் பாதி இதிலிருந்துதான் பிறந்தன என்பது எங்கள் எண்ணம்.

பழைய காலத்துக்கு ஒரு சிறிய சுற்றுப் போய் வருவோம். இந்தக் கரையைப் புகழ்ந்தவர்களில் நாம் அறிந்த மிகப் பழையவர்களுள் திருஞானசம்பந்தர் ஒருவர். ஏழாம் நூற்றாண்டு. கோணேசர் மலையையும் அதைச் சூழ்ந்து ஒலிக்கும் கடலையும் ஒரு பதிகம் முழுக்கப் பாடியிருக்கிறார். பெரியபுராணம் சொல்வதன்படி அவர் இங்கு வரவில்லை. இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார். வராமலே இவ்வளவு நன்றாக எழுதியவர் வேறெவரும் இல்லை. வந்தவர்களின் கதை வேறு. 1660இல் கொட்டியாரக் குடாவில் பாய்மரம் திருத்த ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து பிடிபட்ட றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் தங்க நேர்ந்தது. தப்பிப் போய் 1681இல் நூல் வெளியிட்டார். எங்கள் கரைக்கு வந்து புத்தகம் எழுதிய வெள்ளைக்காரரின் வரிசை அவரோடு தொடங்குகிறது எனலாம்.

போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அது கைமாறியதும், 1803இல் அதற்கு பிரெடரிக் கோட்டை என்று பெயர் வந்ததும் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்தவை. அவற்றைத் திரும்ப எழுதவில்லை. ஆனால் ஆங்கில இலக்கியம் படித்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி, ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின், எங்கள் நகரின் பழைய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாவில், ஐராவதி நதியில், கொலரா கண்டு இறந்தவர். ஜேன் ஒஸ்ரினின் நாவலை உயர்தரத்துக்கு வரிவரியாகக் கற்ற எங்களுக்கு அந்தச் சமாதி அங்கே இருக்கிறது என்று அக்காலத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. நடந்து போகும் தூரம்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் இது கடற்படையின் ஊர். 1927இல் ரயில் வந்தது. முப்பதுகளில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. உப்புவெளியில் வீதியோரமாக இருக்கும் யுத்த மயானத்தை நீங்கள் எல்லோரும் பஸ் யன்னலால் பார்த்திருப்பீர்கள். அத்தனை ஒழுங்கான புல்வெளி எங்கள் மாவட்டத்தில் வேறெங்கும் கிடையாது. கல்லில் எழுதியிருக்கும் வயதுகளை வாசித்தால் பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்று போகும். மாலுமிகளுக்குக் கடற்கரை ஓய்வுக்கான இடமாக இருந்தது. ஊரவருக்கு அப்படி ஒரு பழக்கமே இருக்கவில்லை. மீனவர் தொழிலுக்குக் கடலில் இறங்கினார்கள். மற்றவர்கள் ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட இறங்கினார்கள். எங்கள் அம்மம்மாமார் வருடத்தில் ஒரு தரம், சேலையோடு, முழங்கால் வரை போய் மூன்று முறை தலையில் நீர் தெளித்து வந்தவர்கள். அதற்கு மேல் கடலோடு அவர்களுக்கு அலுவல் இல்லை.

1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தொழில் செய்த தளம் சுருங்கியது. நகரம் வேறு பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1956இல், ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடி, கடலடியில் கிடந்த கோயிற்றூண்களையும் செதுக்கிய கற்களையும் பார்த்தார்கள். அடுத்த வருடம் வெளிவந்த கிளார்க்கின் நூல் எங்கள் கடலின் அடியை உலகுக்குக் காட்டியது. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட சோழர் கால வெண்கல விக்கிரகங்களும், 1963இல் நடந்த குடமுழுக்கும் சேர, யாத்திரிகர் வருகையும் கூடியது. அதே 1963இல் நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ள புறாமலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முன்னர் அது கடற்படை துப்பாக்கிப் பயிற்சிக்குக் குறிவைத்த தீவு. பாறைப் புறாக்கள் எப்படியோ தப்பியிருந்தன.

1966இல் உல்லாசப் பயண சபைச் சட்டம் வந்தது. 1967இல் தொடங்கும் பத்தாண்டுத் திட்டம் நாட்டை ஐந்து வலயங்களாகப் பிரித்தது: கொழும்பு, தென்கரை, கிழக்குக்கரை, மலைநாடு, புராதன நகரங்கள். மேலே சொன்ன காற்றுக் கணக்கைத் திட்டமிட்டவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். எழுபதுகளில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் எழுந்தன. ஜேர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் தகப்பன்மாரில் சிலர் அங்கே கணக்காளராகவும் ஸ்ரோர் கீப்பராகவும் வேலை பார்த்தவர்கள். சவர்க்காரத் துண்டு, ஹோட்டலின் பெயர் அச்சிட்ட எழுதுதாள், ஒரு முறை ஒரு சொக்லேற் கேக்: நிலாவெளி எங்கள் வீடுகளுக்குள் வந்தது இவ்வாறுதான். 1982இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 4 லட்சத்துக்குச் சற்று மேல். அது அதுவரை கண்டிராத எண்ணிக்கை. அடுத்த ஆண்டு ஜூலை வந்தது.

அதன் பிறகு நடந்ததை இம்மலரை வாசிக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுருக்கமாகச் சொன்னால், 1983க்கும் 2002க்கும் இடையில் எங்கள் கரை உல்லாசப் பயணிகளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஓரிரண்டு ஹோட்டல்கள் இடைக்கிடை திறந்தும் மூடியும் கிடந்தன. 1985இலும் 1990இலும் வீதியோரக் கிராமங்கள் வெறுமையாகின. சிலர் காட்டுப் பக்கம் போனார்கள், சிலர் படகேறி இந்தியா போனார்கள். மீன்பிடிக்கப் பாஸ் வேண்டும், இரவில் போகக் கூடாது, இயந்திரத்தின் வலு இவ்வளவுக்கு மேல் கூடாது. எங்கள் வகுப்பில் நிலாவெளிப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி அவர்கள் பாடசாலை வந்து சேர முதலாம் பாடம் முடிந்திருக்கும். வரவு எடுக்கும் ரீச்சர் அவர்களுக்கென்று டாப்பில் ஒரு வெற்றிடம் விட்டு வைப்பார். 1990க்குப் பிறகு ஆறு நான்காகி, இரண்டாகியது. அந்த இருவரில் ஒருத்தி இன்று எங்களோடு வைத்தியராக இருக்கிறாள்.

புவியியல் பாடத்தில் மணற்றடை, கடனீரேரி, தொங்கல் பாறை என்று படித்தோம். உதாரணம் எழுதச் சொன்னால் புத்தகத்தில் இருந்த ஐரோப்பியப் பெயர்களை எழுதினோம். பெரிய கரைச்சியை எழுதலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை; தோன்றினாலும் போய்ப் பார்க்க வழியில்லை. கல்விச் சுற்றுலா என்றால் கன்னியா வெந்நீர்க் கிணறு வரைக்கும்தான், அதுவும் நிலைமை நன்றாக இருந்த வருடங்களில். கடற்கரை நகரொன்றில் பதின்மூன்று வருடம் படித்து வெளியேறிய எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அண்மையில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் கேட்டோம். முப்பத்தெட்டுப் பேரில் மூவர். அம்மூவரும் நீந்தப் பழகியது கனடாவில், தங்கள் பிள்ளைகளைப் பழக்கக் கொண்டுபோன இடத்தில்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபோது நாங்கள் மருத்துவபீடங்களில் கடைசி வருடங்களில் இருந்தோம். அந்தச் சித்திரை விடுமுறையில்தான் எங்களுள் பலர் முதன்முதலாக நிலாவெளி மணலில் கால் வைத்தோம். ஹோட்டல்கள் பழுதுபார்க்கப்பட்டன, வாடிகள் திரும்பின, வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தனர். 2003இல் புறாமலை தேசிய பூங்கா ஆக்கப்பட்டது. அந்தக் காலம் மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாரின் மறுநாள். காலை ஒன்பது மணியை அண்டித் தண்ணீர் வந்தது. நாங்கள் அப்போது புதிதாக வெளியேறிய வைத்தியர்கள். அன்றைய வேலையைப் பற்றி விரிவாக எழுத இது இடமல்ல. இந்தக் கட்டுரைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறோம். மாவட்டத்தில் ஆயிரம் பேரளவில் இறந்தார்கள். எங்களிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே கூட என்று அன்று எங்கள் கண்ணுக்குப் பட்டது. பின்னர் அம்பாறைக் கரையில் செய்யப்பட்ட ஆய்வு அதையே எண்ணிக்கையாகக் காட்டியது: இறப்பு விகிதம் ஆண்களிலும் பெண்களுக்கு அதிகம், பிள்ளைகளுக்கும் முதியவருக்கும் இன்னும் அதிகம். காரணங்கள் பல. ஞாயிறு காலை பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். கையில் பிள்ளை இருந்தது. ஓடுவதற்கு உடை இடம் கொடுக்கவில்லை. நீண்ட கூந்தல் வேலிக் கம்பியில் சிக்கியது. நீந்தத் தெரியாது. மரத்தில் ஏறியதும் இல்லை. அந்த அலையில் நீச்சல் எவ்வளவுக்கு உதவியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. பேரலையில் உதவாது, ஆனால் கரைச்சிக்குள் அடித்துச் செல்லப்பட்டு அங்கே நீர் தணிந்தபின் மூழ்கியவர்களும் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

அலை போன பிறகும் ஒரு துன்பம் மிஞ்சியது, அது கிணறுகளில். மணல் திடலின் அடியில் மழைநீர் ஊறி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணறுகள் தொடுவது அந்த நன்னீரைத்தான். கடல் மட்டத்துக்கு மேல் அது ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பழைய விதி. மாறிச் சொன்னால், மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி மேலேறப் பார்க்கும். அலை புகுந்த கிணறுகளை உதவ வந்தவர்கள் நல்ல மனதோடு இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கிழக்குக் கரையெங்கும் அது பல இடங்களில் பயன் தரவில்லை. சில இடங்களில் உப்பைக் கூட்டியது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இன்று அதே நன்னீரிலிருந்துதான் விடுதிகளின் குளியலறைகளுக்கும் நீச்சல் தடாகங்களுக்கும் நீர் இழுக்கப்படுகிறது என்பதே. அடுத்த வளவில் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால் கேட்பார் இல்லை.

2009க்குப் பிறகு மாற்றம் வேகமாக வந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் அவ்வருடம் திறக்கப்பட்டது. இறக்கக்கண்டியிலும் புதிய பாலம். ஃபெரிக்குக் காத்திருந்த காலம் போயிற்று. வடக்கு வீதி காப்பற் போட்டாகிவிட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் வந்தன. முப்பது வருடம் இந்தக் கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் அவர்களும்தான். 2018இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 லட்சம். பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு, கொவிட், 2022இன் எரிபொருள் வரிசை என்று அடி மேல் அடி. ஆனாலும் உப்புவெளியில் வீட்டுக்கு வீடு 'ரூம்ஸ்' பலகை தொங்குகிறது. கணவனை இழந்த பெண்கள் சிலர் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்திருக்கிறார்கள். இத்துறை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

சொல்ல வேண்டியது காணியைப் பற்றியும் ஒழுங்கைகளைப் பற்றியும். இடம்பெயர்ந்து திரும்பியவர்களில் பலரிடம் உறுதி இல்லை. இருந்தது பெர்மிற் காணி, அதுவும் அலையில் போயிற்று. பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். விலை கேட்டு வந்தவர்களுக்கு வந்த விலைக்குக் கொடுத்தார்கள். கடற்கரை அரசுக்குரியது; கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 முதல் இருக்கிறது; அதன்படி நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கட்டுப்பாட்டுக்குரிய கரையோர வலயம். மணலில் யாரும் நடக்கலாம். ஆனால் மணலுக்குப் போகும் வழி? வீதியிலிருந்து கடலுக்கு முன்னர் எத்தனையோ ஒழுங்கைகள் இருந்தன. வலை சுமந்து போக, மீன் கூடை கொண்டு வர, சல்லி அம்மன் திருவிழாவுக்கு நடக்க ஏற்பட்ட வழிகள் அவை. எந்த வரைபடத்திலும் ஏறாதவை. இரண்டு பக்கத்து வளவையும் ஒருவரே வாங்கும்போது நடுவிலுள்ள ஒழுங்கை மதிலுக்குள் போய்விடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒன்றுகூடலுக்கு வந்த எங்கள் வகுப்பினர் எட்டுப் பேர், நிலாவெளித் தோழி காட்டிய வழியால் கடலுக்கு இறங்கப் போனோம். அவள் வீட்டுக்குப் போன பழைய ஒழுங்கை அது. ஒரு விடுதியின் கேற் குறுக்கே நின்றது. "கெஸ்ற் மட்டும்தான் அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்றார் காவலுக்கு நின்ற பெடியன். எந்த ஊர் தம்பி என்று கேட்டோம். இந்த ஊர்தான் என்றார். அவருடைய பெரியப்பாவின் பாடு அந்தக் கேற்றுக்கு நேரே இருந்ததாம். அவர் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. தோழிதான் ஒன்றும் பேசாமல் முக்கால் கிலோமீற்றர் சுற்றி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

புறாமலைக்கு வருவோம். 1998இல் கடல் வெப்பம் கூடி, இலங்கையின் பவளப் பாறைகளில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. ஹிக்கடுவை, கற்பிட்டிப் பக்கம் பெரிய அழிவு. திருகோணமலைப் பக்கம் அதிலிருந்து பெரிதும் தப்பியது. போர் கடலுக்கு நன்மை செய்தது என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வாதம் எங்களுக்குப் பிடிப்பதில்லை. டைனமைற் வைத்து மீன் பிடித்ததும் அதே காலத்தில்தான். எப்படியோ தப்பிய பவளத்தின் மேல் 2009க்குப் பிறகு ஆட்கள் ஏறி நடந்தார்கள். ஆழம் குறைந்த இடத்தில் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, நீந்தத் தெரியாமல், எழும்பி நிற்க ஒரு கல் தேடினால் காலுக்குக் கிடைப்பது உயிருள்ள பவளம்தான். ஒரு மிதி, பல வருட வளர்ச்சி. படகோட்டிகள் இன்று முன்னரிலும் கவனமாக இருக்கிறார்கள். படகு இறங்கும்போது மிதிக்க வேண்டாம் என்று மூன்று மொழியிலும் சொல்கிறார்கள். நீந்தத் தெரியாதவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டு நடப்பது கடினம். கறுப்புத் துடுப்புச் சுறாக்களைக் காலை முதல் படகில் போனால் இன்றும் காணலாம். ஆளுக்கு ஒன்றும் செய்யா.

இப்போது எங்கள் தொழிலுக்கு வருகிறோம். வாடைக்காலத்தில் பொழுதுபோக்க வருகிறவர்களில் ஒவ்வொரு வருடமும் சிலரை நாங்கள் நீரில் மூழ்கியவர்களாகப் பார்க்கிறோம். நாடு முழுவதும் வருடத்துக்குப் பல நூறு பேர். கரையில் அடித்த அலையின் நீர் திரும்பிப் போக ஓரிடத்தில் வாய்க்கால்போல வழி எடுக்கும். பார்வைக்கு அந்த இடம்தான் அலை குறைந்து அமைதியாகத் தெரியும். அதில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். இழுக்கப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலக வேண்டும். கரைவலைக்காரர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அவருக்குத் தேவை மூச்சு; வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்கி, அதே நேரத்தில் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். திருக்கை முள் குத்தினால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வைத்திருங்கள். அந்த நஞ்சு சூட்டில் அழியும் புரதம். நீரைத் தாங்கலாமா என்பதை நோகாத மற்றக் காலால் முதலில் பாருங்கள். பிறகு வைத்தியசாலைக்கு வாருங்கள்.

எங்கள் சங்கத்தின் நூற்றாண்டு வேலைத்திட்டங்களில் மணிக்கூண்டு, நுழைவாயில் வளைவு என்று யோசனைகள் வந்திருக்கின்றன. எங்கள் வகுப்பு எழுதிக் கொடுத்த யோசனை வேறு: ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல். பெண் பயிற்றுநர், உடலை மூடும் நீச்சலுடை, சோளகக் காலத்தில் உப்புவெளியில் வாரத்தில் ஒரு காலை. தாய்மார் சம்மதிப்பார்களா என்று ஒரு மூத்த அக்கா கேட்டார். 2004இல் பிள்ளைகளாய் இருந்தவர்கள்தான் இன்று அந்தத் தாய்மார் என்று பதில் சொன்னோம். யோசனை செயற்குழுவில் இருக்கிறது.

விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரவிருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு குறிப்பு. பிள்ளைகளோடு கடலுக்குப் போவதென்றால் சித்திரை முதல் புரட்டாதி வரைக்குள் வாருங்கள். உப்புவெளியில் இறங்குவதானால் யுத்த மயானத்துக்கு அண்மையில் திறந்த வழிகள் இன்னும் இருக்கின்றன; கேட்டால் கடைக்காரர் காட்டுவார். காலையில் போனால் கரைவலை இழுப்பதைக் காணலாம். கயிற்றில் ஒரு கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், மீனும் தருவார்கள். மார்கழி விடுமுறையில் மட்டுமே வர முடிந்தவர்கள் மணலில் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.